இருபத்தைந்தாவது இலை

மரத் தோடுகளுக்கான வரைபடக் கோப்பில் இருபத்து நான்கு இலைகளே இருந்தன. அக்கா கணினித் திரையில் இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் லேசர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினாள். மெல்லிய பலகையில் இருபத்தைந்து வெட்டப்பட்டிருந்தன. தட்டியதும் இருபத்து நான்கு உதிர்ந்தன. ஒன்று மட்டும், வெட்டுக்கோடு மூடாததால், காம்பருகே மயிரிழை அளவு ஒட்டிக்கொண்டு நின்றது. வரைந்த கோட்டின் இரு முனைகளையும் இணைக்காமல் விட்டுவிடுவது முன்பு தோடுகளை வரைந்துவந்த தங்கையின் பழக்கம். விபத்துக்குப் பின் அவளுடைய வலது கை ஐந்து மாதமாக அசையவில்லை. இனி வரைவாளா என்று கேட்டபோது மருத்துவர் பேச்சை மாற்றினார்.

அக்கா பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையின் மடியில் வைத்தாள்.

"இது உன் வேலைதானே?"

"சும்மா கெடக்கறவ மேல பழியப் போடாத. நீயே தூக்கக் கலக்கத்துல வரைஞ்சிருப்ப."

"நான் முனைய இணைக்காம விடமாட்டேன்டி."

"ஆமா, ஊருலயே நீதான் ஒழுங்கு. போய் டீ போடு."

அக்கா இரண்டு கோப்பைகளுடன் திரும்பியபோது பலகையில் இருபத்தைந்து ஓட்டைகள் இருந்தன. தங்கை தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இறுக மடங்கியிருந்தன. இடுக்கில் இலையின் கரிந்த காம்பு தெரிந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "இத எப்படி விரிக்கறது?"