எக்செல் தாளில் லிஃப்ட் புகார்

ஓர் அலுவலகத்தின் புகார் மென்பொருளில் சின்னப் புகார் ஒன்று இருந்தது. ‘லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது’ என்பதுதான் அது. லிஃப்ட் சரியாகவில்லை, ஆனாலும் புகாரின்மேல் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டார்கள்.

“இனி என்னை யார் பார்ப்பார்கள்?” என்று தனக்கென ஒதுக்கிய தனிப் பக்கத்துக்குள் சின்னப் புகார் தனியாக அழுதது.

ஒருநாள் மேலாளர் எல்லாப் புகார்களையும் எக்செல் தாளுக்கு மாற்றினார். சுவரே இல்லாத அந்த வெளியைப் பார்த்துச் சின்னப் புகார் வாயைப் பிளந்தது.

“இடிக்காதேடி, நானும் லிஃப்ட்தான்” என்றது கீழ்வரிசைப் புகார்.

“நீயுமா அக்கா?”

“நான் மட்டுமா? கீழே எட்டிப் பார்!”

மேலாளர் ‘லிஃப்ட்’ என்று ஃபில்டர் போட்டார். பிரிண்டர், ஏசி, நாற்காலிப் புகார்கள் மறைந்தன. லிஃப்ட் புகார்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையைத் தாண்டி நின்றன. அவர் மவுஸை உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார், வரிசை முடியவில்லை.

மெல்லப் போனை எடுத்தார். “முதல்ல அந்த லிஃப்டை நிறுத்துங்க.”