அடுத்த ஏப்ரல்

"இந்தத் தடவையாவது பாஸ் பண்ணிடுவியா?" ஓசூரிலிருந்து மாமியார் போனில் கேட்டார்.

"பார்க்கிறேன் அத்தை" என்றாள் சுபலட்சுமி.

"என்னத்தப் பார்க்கிற? பரீட்சை முடிஞ்சதும் பஸ் ஏறிடு. இங்க வீடு போட்டது போட்டபடி கிடக்கு."

பி.காம். முடிக்குமுன்பே கல்யாணம். மற்ற பேப்பரெல்லாம் தேறியும், பிசினஸ் மேத்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. தீபாவளிக்குக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பாதவர்கள், டிகிரி வீணாகிவிடக் கூடாதே என்று அரியர் எழுத மட்டும் திருச்சிக்கு அனுப்பினார்கள்.

பரீட்சை முடியும் நேரத்தில் அப்பா பெரியண்ணன் காட்டூர் வீட்டிலிருந்து வந்து, கல்லூரி வாசலில் வண்டியோடு நின்றார்.

"எப்படிம்மா எழுதின?"

"கஷ்டம்ப்பா."

"அடுத்த தடவை டியூஷன் வச்சிடலாமா?"

அதற்குள் ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, காலையில நீங்க சொல்லிக் கொடுத்த மேட்ரிக்ஸ் கணக்கு அப்படியே வந்துச்சு! வட்டிக் கணக்கும்தான். ரொம்ப தேங்க்ஸ்க்கா!"

அவள் போனதும் அப்பா சுபலட்சுமியையே பார்த்தார்.

"அப்ப நீ ஏம்மா எழுதல?"

சுபலட்சுமி வண்டியின் சீட்டைத் துடைத்தாள். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

"பாஸாயிட்டா, அப்புறம் என்ன சொல்லிட்டுப்பா உங்களையும் அம்மாவையும் பார்க்க வர்றது?"

அவள் கையிலிருந்த போன் அடித்தது. மாமியார். பெரியண்ணன் அதை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேப்பர் ரொம்பக் கஷ்டமாம் சம்பந்தியம்மா. ஏப்ரல்லயும் அனுப்பி வைக்க வேண்டியிருக்கும்."