பின்னால் ஓடிய மரங்கள்

பறவை பறக்கும் விதத்தை ஆராய, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சுரங்கம் கட்டியிருந்தார்கள். ஒரு முனையில் ராட்சத மின்விசிறி. அது வீசும் காற்றை எதிர்த்து, குஞ்சிலிருந்தே அங்கு வளர்ந்த மைனா பறந்துகொண்டிருந்தது.

வெளியே கண்ணாடியில் ஒட்டியிருந்த பல்லி கேட்டது: “காலையிலேருந்து என் மூக்குக்கு நேராவேதானே இருக்கே?”

“முப்பது கிலோமீட்டர் வந்தாச்சு. இப்பதான் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்க” என்றது மைனா.

பல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் மைனாவை ஜன்னல் வழியே பறக்கவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் பதறியடித்துத் திரும்பி வந்தது.

“என்னாச்சு?”

“வெளியே ஏதோ கோளாறு. நான் எப்பவும்போலத்தான் பறந்தேன். மரமெல்லாம் பின்னால ஓடுது.”

பல்லி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

“அந்த விசிறியைப் போடச் சொல்லு” என்றது மைனா. “கொஞ்ச தூரமாவது போகணும்.”