மிதவை எழும்பியது

தங்கையின் கலியாணத்துக்குத் தன் கையால் காய்ச்சிய பியரையே ஊற்றுவதாகச் சுகந்தினி வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று முறை காய்ச்சியும் தானியத்தின் சீனி இறங்காமல் எல்லாம் சப்பென்று போயிற்று. நான்காம் முறை, அரைத்த முளைகட்டிய பார்லியை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். பாதி மணிகள் உடையவே இல்லை! அரைவைப் பொறியின் உருளைகளை நெருக்கி மறுபடி அரைத்தாள். வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து வடித்து, சீனி அளக்கும் மிதவையை விட்டாள். சீனி மிகுந்ததால் அது மேலெழும்பி, இதுவரை தொடாத கோட்டில் போய் நின்றது.

"இஞ்ச ஓடி வாங்கோ!"

கணவன் சவர நுரையோடு ஓடிவந்தான். "என்னப்பா, எரிஞ்சுபோச்சோ?"

"குடிச்சுப் பாருங்கோ!"

ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினான். "பனம்பாணி மாதிரியெல்லே இருக்கு! இன்னும் கொஞ்சம் தாரும்."

"ஒரு சொட்டும் தரமாட்டன், இது கலியாணப் பியருக்கு," என்று சிரித்தபடி சுகந்தினி, வடித்ததைக் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.