மைக் டெஸ்ட்

“ஒன்னு ரெண்டு மூணு வேண்டாம்மா, உங்க பேரைச் சொல்லுங்க,” என்றார் மைக்காரர். “பேர் சொல்றப்பதான் குரல் இயல்பா வரும்.”

கேட்டாரே, நல்ல ஆளாகப் பார்த்து.

அரங்கில் காலி நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன. நிருபர்கள் வர இன்னும் நேரமிருந்தது. அவர்களை வரவேற்க எங்கள் வக்கீல் வாசலுக்குப் போயிருந்தாள். மேடையில் நடு நாற்காலியில் நான். இத்தனை வருடமும் அது அவளுடைய நாற்காலி. நான் கடைசி வரிசையில் வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்து, அவள் என் கதையை ‘ஒரு பெண்’ என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சட்டம் அப்படி. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவளின் பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. அவளே சொன்னாலும் குற்றம். எங்களைக் காப்பாற்றத்தான் போட்டார்களாம்.

தண்டனை முடிந்து வெளியே வந்தவன் பெயரும் படமுமாகப் பேட்டி கொடுத்தான். நான்தான் அவன் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்றான். பச்சைப் பொய் என்று என் பெயரில் பதில் எழுதியிருந்தால் என்னைப் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள். வயிறு எரியுமா எரியாதா?

அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் எங்கள் அமைப்பு. வக்கீல், செயலாளர், நான். பதிவுத் தாளில் வக்கீல்தான் தலைவர். என் பெயர் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு நான் ‘தலைவி’. தெரியாத பெயர் வாய் தவறி வந்துவிடாது என்பது எங்கள் கொள்கை.

அந்தக் கொள்கையில் எவ்வளவு பிடிப்பு என்றால், ஒருமுறை எனக்கு வந்த பார்சலைச் செயலாளர், பெயரைக் காதில்கூட வாங்காமல், “அப்படி யாரும் இங்க இல்லீங்க,” என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

அம்மா போன பிறகு அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட ஆளில்லை. அக்காகூட ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று முதல் சட்டம் மாறிவிட்டது. விரும்பினால் நாங்களே சொல்லலாம். முதல் ஆளாக நான் சொல்வதாக ஏற்பாடு.

விடிந்ததும் அக்கா கூப்பிட்டாள். “சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாப்பாவை ஒரு நிமிஷம் நெனச்சுக்கோ.”

பாப்பா, அக்காவின் மகள். ஆறாம் வகுப்பு. போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“அம்மா?” என்றார் மைக்காரர்.

சொன்னேன்.

சத்தம் பத்தவில்லை என்று கையைக் காட்டினார். இன்னும் கிட்டப் போய்ச் சொன்னேன். மூன்றாவது தடவை இனிஷியலும் சேர்த்து, அடிவயிற்றிலிருந்து சொன்னேன். என் பெயர் பின்சுவர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியொரு சந்தோஷம். இன்னொரு தடவை சொல்லச் சொல்ல மாட்டாரா என்றிருந்தது.

“போதும்மா, சரியா இருக்கு. நல்ல பேரு, நான் கேட்டதே இல்ல,” என்று ஒயரைச் சுற்றிக்கொண்டே வெளியே போனார்.

எங்கே கேட்டிருக்கப் போகிறார்? நான் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் அந்தப் பெயரில் நான் ஒருத்திதான்.

கடைக்குப் போயிருந்த செயலாளர் வெள்ளை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவுமாக வந்தார். தன் மகளுக்காக எங்களோடு சேர்ந்தவர். மகளைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

“மேஜையில வைக்கணும்மா. இத்தனை வருஷம் கழிச்சு இப்பப் போய்க் கேக்கறேன்,” என்று கூச்சத்தோடு சிரித்தார். “என்ன பேர் எழுதணும்?”

“தலைவின்னே எழுதுங்க.”

பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இதுக்குத்தானேம்மா இவ்வளவு பாடு?”

இதற்குத்தான்.

தீர்ப்பு வந்தபோது அக்காவுக்கு நிறைமாதம். உன் பெயரை இனிமேல் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாதாமே, நம் வீட்டிலாவது அது புழங்கட்டும் என்று பிறந்த பிள்ளைக்கு அதையே வைத்தாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றியில் வந்த அழுகை. சட்டம் மாறும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இன்று நான் வாயைத் திறந்தால், நாளைக்கு அந்தப் பெயரைப் போனில் தட்டுகிறவர்களுக்கு என் வழக்குதான் வந்து நிற்கும். பாப்பாவின் வகுப்புப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறது.

செயலாளர் கோணாமல், பெரிய எழுத்தில் ‘தலைவி’ என்று எழுதி என் முன்னால் வைத்தார். வாசலில் வக்கீலின் குரல் கேட்டது. கூடவே நிருபர்களின் காலடிச் சத்தம்.

பள்ளிக்கூடங்களில் முதல் மணி அடித்திருக்கும். டீச்சர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். என் பெயர் வரும்போது அவள் எழுந்து நின்று, “உள்ளேன் டீச்சர்,” என்பாள்.