மூன்றாவது கோளாறு

"மொத வாரம் காத்தே வரலை. போன வாரம் கொதிச்சுது. இந்த வாரம் நடுங்குது. நீ ஏசி மெக்கானிக்கா, இல்ல பருவத்தை மாத்துற ஆளா?"

வேறு எந்த வண்டியும் நுழைய முடியாதபடி காரை ஒர்க்‌ஷாப்பின் நட்டநடுவில் நிறுத்திவிட்டுத்தான் அவர் இறங்கினார். ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. முப்பது வருடம் அடுத்தவன் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்கியவர், இப்போது அதையே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். "இப்ப என்ன பண்ணுது சார்?"

"அதை நீ சொல்லணும். ஆட்டோமேட்டிக் ஏசின்னா இருபத்தஞ்சுல வெச்சா இருபத்தஞ்சுல நிக்கணும். இது ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. மூணு வாரமா நீ பண்ணின கூத்தெல்லாம் தேதிவாரியா எழுதி வெச்சிருக்கேன்." கையிலிருந்த டைரியைத் தட்டிக் காட்டினார்.

முன் சீட்டிலிருந்து அவருடைய மனைவி மெதுவாக இறங்கினாள். "ஏசி காத்து என் காதுக்கு ஆகறதில்லப்பா," என்றாள். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தாள். கணவர் உட்காரும் பக்கத்து வலது காதில் பஞ்சைக் காணோம். நியாயமாகப் பார்த்தால் அந்தக் காதுக்குத்தான் முதலில் தேவை.

"நல்ல கடைன்னு நீதானே கூட்டிட்டு வந்தே? உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று அவர் அவள்மேலும் பாய்ந்தார்.

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பி, "பாத்ரூம் போகணும்," என்றாள். மெக்கானிக் மாடிப்படியைக் காட்டினான். "மேல எங்க வீடுதாம்மா. கதவு திறந்துதான் இருக்கு."

அதிகாரி விரலை நீட்டினார். "கேட்டுக்கோ. இன்னைக்குச் சரியாகலைன்னா இதுதான் கடைசி. மெயின் ரோட்டுல பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கு, அங்க போயிடுவேன். உன் லட்சணத்தை ஒரு ஆள் விடாம சொல்லிட்டுத்தான் போவேன்."

படியில் கால் வைத்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிப் போனாள்.

"கோபப்படாதீங்க சார்."

"என் கோபத்தை நீ எங்க பார்த்தே? சொல் பேச்சு கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டாள்னு பெத்த ஒரே பொண்ணையே தலைமுழுகினவன் நான். கட்டினவன் கறுப்பா சிவப்பான்னுகூட இன்னைக்கு வரைக்கும் பார்க்கலை. நீயெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கேனரை மாட்டினான். கோளாறு எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

"உனக்கேத்த மெஷின். உன்னை மாதிரியே அதுக்கும் ஒண்ணும் தெரியலை," என்றார் அதிகாரி.

அவன் வண்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டான். அது பத்தொன்பது காட்டியது. ஆனால் வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று ஏசிக்குச் சொல்லவேண்டிய சென்சார், ஸ்கேனரில் நாற்பத்தொன்று என்றது.

"உள்ள கொதிக்குதுன்னு சென்சார் பொய் சொல்லுது சார். அதை நம்பி ஏசி உயிரைக் கொடுத்து ஓடுது."

"ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்."

டாஷ்போர்டில் தபால்தலை அளவில் ஒரு சல்லடை இருந்தது. அதன் பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் வண்டிக்குள்ளிருக்கும் காற்றை இழுத்து சென்சாருக்குக் கொடுக்க வேண்டும். மெக்கானிக் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து அதன்மேல் வைத்துப் பார்த்தான். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் நழுவிக் கீழே விழுந்தது.

அதிகாரிக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. மாடிப்படியருகே போய் அண்ணாந்து கத்தினார். "அரை மணி நேரமா மேல என்ன பண்றே? அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

அவர் முதுகைத் திருப்பிய அந்த நேரத்தில் மெக்கானிக் இடுக்கியை விட்டுச் சல்லடைக்குள்ளிருந்து வெள்ளையாக எதையோ உருவினான். சட்டென்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மறுபடி வைத்த காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

பத்தே நிமிடத்தில் தெர்மாமீட்டரும் இருபத்தைந்து, சென்சாரும் இருபத்தைந்து.

"உள்ள என்ன இருந்தது?" அதிகாரி கண்ணை இடுக்கினார்.

"தூசி சார்." பொய் சொல்லிவிட்டுக் கண்ணைக்கூட அவன் சிமிட்டவில்லை.

மனைவி இறங்கி வந்தாள். அவளுடைய வலது தோள் நனைந்திருந்தது. "குழாய்த் தண்ணி தெறிச்சிடுச்சு," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

மெக்கானிக் ஸ்கேனரைக் கழற்றினான். "முடிஞ்சுது சார். இனிமே நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்லை. வேணும்னா பெரிய ஒர்க்‌ஷாப்லயே காட்டுங்க. இந்த ஏசில இன்னொரு கோளாறு வந்தா நான் தொழிலையே விட்டுடறேன்."

அதிகாரியின் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. டைரியைப் பிரித்து அந்த வாக்கியத்தை வார்த்தை பிசகாமல் எழுதினார். கீழே நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

"வரும். வந்தா இங்கேயேதான் கொண்டாந்து நிறுத்துவேன். வேற கடைக்குப் போய் உன்னைத் தப்பிக்க விடுவேன்னு பாக்கறியா?"

சொல்லிவிட்டு, வண்டியில் புதிதாகக் கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பின்பக்கம் குனிந்து தேடப் போனார்.

மனைவி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். மெக்கானிக் அருகில் வந்து சட்டைப் பையிலிருந்த பஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அதை வலது காதில் அடைத்துக்கொண்டே அவள் மெல்லிய குரலில் சொன்னாள்.

"பாப்பா என் தோள்லயே தூங்கிட்டா. அடுத்த வாரம் எதை அடைக்கணும், மாப்பிள்ளை?"