மூணு வாலா, ரெண்டு வாலா?

“இன்னைக்கு அந்த ஏசுவடியானுக்கு ஒரு முடிவு கட்டாம வீடு திரும்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத்தான் குத்தாலிங்கம் மேலகரத்தில் பிளஷர் காரில் ஏறினார்.

காலேஜ் கரஸ்பாண்டென்ட் அவர். முன்கோபி. ஆனாலும் நேரில் பார்க்காமல் யார் வயிற்றிலும் அடிக்க மாட்டார்.

ஏசுவடியான் அங்கே ஜுவாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர். அவனை நிரந்தரமாக்குவதா, சீட்டைக் கிழிப்பதா என்று அந்த வாரம் முடிவாக வேண்டும்.

அவன்மேல் புகார் ஒன்றே ஒன்றுதான். தலைமைப் பேராசிரியர் லட்சுமிநாராயணனை அவன் வாயைத் திறக்க விடுவதில்லை. பையன்கள் முன்னாலேயே முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்கிறான்.

“சார்வாள் நாற்காலியில எப்ப உக்காரலாம்னு துடிக்கான்” என்று காலேஜே பேசியது. லட்சுமிநாராயணனால்தான் அந்தக் காலேஜுக்கே மதிப்பு. குத்தாலிங்கத்துக்குப் பொறுக்குமா?

குற்றாலத்தில் சீசன் முடிந்து தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் போய் இறங்கியபோது ஐந்தருவிக்குக் கீழே ஓடையில் காலேஜ் பையன்கள் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மேஃப்ளை என்று ஒரு பூச்சி. இறக்கை முளைத்துவிட்டால் ஒரு நாளோ, இரண்டு நாளோதான் ஆயுசு. அதுவரை புழுவாகத் தண்ணீருக்குள் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் புழுக்களை அங்க அடையாளம் பார்த்து இனம் பிரிப்பதுதான் அன்றைய பாடம்.

“பாசி இருக்கு சார், இப்படி இடது பக்கமா வாங்க” என்று ஏசுவடியான் முன்னால் நடந்தான். லட்சுமிநாராயணன் பின்னால் வந்தார்.

‘பெரியவருக்கு நடக்கவும் சொல்லிக் குடுக்கானே’ என்று குத்தாலிங்கம் பல்லைக் கடித்தார்.

பக்கத்து பங்களாவில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தார்கள். ஒரு புழுவைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு விட்டு, லென்ஸுக்கு அடியில் வைத்து, ஏசுவடியானே முதலில் குனிந்தான்.

“உடம்பு அப்பளம் மாதிரி தட்டை சார். கண்ணு ரெண்டும் தலைக்கு மேல. வயித்துக்கு ரெண்டு பக்கமும் இலை இலையாச் செவுள்.”

“வால்?” என்றார் லட்சுமிநாராயணன்.

“ரெண்டு சார்.”

“நடுவால் ஒடிஞ்சிருக்கப் போறது. அடிக்கட்டை இருக்கா, நன்னாப் பாரும்.”

“இருக்கு சார், குட்டையா ஒண்ணு. அப்போ மூணு வால்தான்.”

“ஹெப்டஜீனியா வகையறா. ரெண்டுன்னு எழுதியிருந்தா இனமே மாறிப்போயிருக்கும்.”

பையன்கள் எழுதிக்கொண்டார்கள். ஏசுவடியான் கிண்ணத்தை மாற்றி, அடுத்த புழுவுக்கும் முந்திக்கொண்டு குனிந்தான். குத்தாலிங்கத்துக்கு வந்ததே கோபம்.

“ஏன் தம்பி, வாத்தியாருக்கே நீ பாடம் நடத்துதியா? அவர் பாக்க முந்தி நீ எதுக்குச் சொல்லுத? அவரைப் பாக்க விட்டாத்தான் என்ன?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “பழகிட்டுங்கய்யா.”

“இந்தப் பழக்கம் இங்கன சோறு போடாது. அடுத்த மாசம் நீ வேற காலேஜ் பாத்துக்கோ.”

“குத்தாலிங்கம், அவனை ஒண்ணும் சொல்லாதேயும். நான்தான்...” என்று லட்சுமிநாராயணன் வாயெடுத்தார்.

“நான் போய்ப் பையன்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லுதேன் சார்” என்று அதையும் குறுக்கே வெட்டினான் ஏசுவடியான். பையன்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“பாத்தீங்களா, இப்பவும் உங்களைப் பேச விட்டானா? நிழல் குடுத்த மரத்தையே வெட்டுத ஜாதி” என்றார் குத்தாலிங்கம். “அவன் கிடக்கான். நீங்க சொல்லுங்க சார்வாள். உங்க வாயால கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் புழுவிடம் என்று கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரிசி நீளம்தான் இருந்தது.

லட்சுமிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாம். இதுவும் தட்டை உடம்புதான். செவுள் அழகா இருக்கு பாரும். மூணு வாலும் பளிச்சுனு தெரியறது.”

“எங்க சார்வாள், நானும்...” என்று திரும்பிய குத்தாலிங்கம் அப்படியே நின்றார்.

கிண்ணம் அவர் கையில் இருந்தது. புழு அதற்குள் நெளிந்துகொண்டிருந்தது. லென்ஸுக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பயலுக்கு வேலையும் நிலைத்திருக்கும், நாற்காலியும் கிடைத்திருக்கும். பாவிப் பயல், வாயைத் திறக்கவில்லையே. தான் பேசிய பேச்சை நினைக்க நினைக்க அவருக்குக் கூசியது.

கிண்ணத்தைச் சத்தமில்லாமல் லென்ஸுக்கு அடியில் வைத்தார். வாசலுக்குப் போய், “தம்பி ஏசுவடியான், கொஞ்சம் உள்ள வாங்க” என்று கூப்பிட்டார்.

அவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். குத்தாலிங்கம் பெரியவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார்வாள், இந்த வயசுல எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. தம்பி பாத்துச் சொல்லட்டும், நாம ரெண்டு பேரும் கேட்டுக்கிடுவோம்.”